பூங்காவனத்தின் நெஞ்சும் பூந்தமல்லி டாக்டரும்

சென்னீர்குப்பத்தில் அந்தக் காலத்தில் பூங்காவனம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி வாயாடி, இன்னொருத்தி ராசிக்காரி. நாம் பேசப்போவது ராசிக்காரியைப் பற்றி. வாயிலும் இவள் ஒன்றும் சளைத்தவள் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாம் யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. பெங்களூர் ரோட்டில் மோட்டார் வந்தால் மாடு மிரண்டு வண்டியோடு பள்ளத்தில் இறங்கும் காலம். பூங்காவனம் மேனாம்பேட்டில் பிறந்து, வயதுக்கு வந்த மறுவருஷமே சென்னீர்குப்பத்துப் பரந்தாமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பரந்தாமனுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆள் விட்டுப் பயிர் செய்துவிட்டு வரப்பில் குடை பிடித்து நிற்கும் அளவுக்கு இல்லை. புருஷன் ஏர் பிடித்தால் பெண்டாட்டி சேற்றில் இறங்கி நாற்று நட வேண்டும். அவளும் நட்டாள், சந்தோஷமாகவே நட்டாள்.

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. திருவேற்காட்டுக்கும் போனாள், திருமுல்லைவாயிலுக்கும் போனாள், அரச மரம் சுற்றினாள், வேப்பிலை தின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பரந்தாமன் நல்ல மனுஷன். இரண்டாங்கல்யாணப் பேச்சை எடுத்த சொந்தக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வளைகாப்பு வீட்டில் எல்லாருக்கும் நீளும் மஞ்சள் குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது மட்டும் தானாக வளைந்து அடுத்தவளிடம் போய்விடும். தட்டு பிடித்தவள் முகத்தில் சிரிப்பு மாறாது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு வருஷம் வழக்கமாக முதல் நாற்று வைக்கிற பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். நல்ல நேரம் தப்பிவிடும் என்று பரந்தாமன் பதறியதில், பூங்காவனமே தன் நிலத்தில் முதல் நாற்றுமுடியைப் பிரித்து ஈசானிய மூலையில் நாலு நாற்றை ஊன்றினாள். அந்த வருஷம் அவர்கள் நிலத்தில் கதிர் சாய்ந்த சாய்ப்பைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வரப்போரம் வந்து நின்றார்கள். மறு வருஷம் பக்கத்து நிலத்துக்காரன் வந்து கூப்பிட்டான். அதற்கடுத்த வருஷம் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் எல்லாவற்றுக்கும் அவள் கைதான் முதல் கை என்றாகிவிட்டது. அவள் குனிந்து நாலு நாற்றை வைத்து, குலவை போட்டு, பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்கள் நடத் தொடங்குவார்கள்.

வளைகாப்புத் தட்டு தாண்டிப் போகிற அதே கைதான். வீட்டுக்குள் ராசி கெட்ட கை, வயலில் ராசியான கை. ஊர் கணக்கு அது, நாம் என்ன சொல்ல. பூங்காவனம் அதைப் பற்றி வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. நடவு வந்தால் மட்டும் அவள் நடையே மாறிவிடும் என்று பரந்தாமன் சொல்வான்.

அவளுக்கு நாற்பது வயது ஆகும்போது ஒரு சம்பா நடவில் நெஞ்சு துள்ளியது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள் அவள். அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போகும்போது நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, நெஞ்சுக்குள் கோழியைப் பிடித்து அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே சேற்றில் விழுந்தாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த வேம்புலியம்மாள்தான் தூக்கி நிறுத்தினாள். சேரியிலிருந்து வரும் நடவுக்காரி அவள். பூங்காவனம் பாட்டை எடுத்தால் வாங்கிப் பாடும் முதல் குரல் அவளுடையது. தீட்டுப் பார்க்கிற கிழடுகள் கரையில் இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வண்டி கட்டிப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுக்கவைத்து, சொட்டு மருந்து கொடுத்து, ஓடுகிற நெஞ்சைப் பிடித்து நிறுத்தினார்கள். தாளம் தப்பியது தப்பியதுதான், வேகத்தை மட்டும் அடக்கியிருக்கிறோம், மருந்தை விடக் கூடாது, பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது நெஞ்சைக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்தில் இருந்த டாக்டர் பூந்தமல்லி சம்பத். வீட்டின் முன்கட்டில் வைத்தியசாலை, பின்கட்டில் குடித்தனம். கெட்டிக்காரர், கண்டிப்பானவர். காசு கொடுக்க முடிந்தவன் கொடுக்கலாம், முடியாதவன் கொடுக்காமலே போகலாம். ஆனால் காய், கனி, கோழி என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் மட்டும் முகம் சிவந்துவிடும். காயை வாங்கிக்கொண்டவன் அப்புறம் நோயாளியைத் திட்ட முடியாது என்பது அவர் கொள்கை. நோயாளியைத் திட்டாமல் வைத்தியம் செய்ய அவருக்கு வரவும் வராது.

நெஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவரிடம் பெரிய யந்திரம் எதுவும் இல்லை. காதில் மாட்டுகிற ரப்பர் குழாய், ஒரு கடிகாரம், கம்பவுண்டர் அய்யாசாமி, அவ்வளவுதான். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துத் துடிப்பை எண்ணுவார். அதே நேரத்தில் அய்யாசாமி மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவார். நல்ல நெஞ்சாக இருந்தால் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக வரும். பூங்காவனத்துக்கு வராது. நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் சில அடி மணிக்கட்டு வரை வந்து சேராமல் வழியிலேயே செத்துப்போகும். இரண்டு கணக்குக்கும் நடுவில் எவ்வளவு பள்ளமோ, அவ்வளவு நெஞ்சு வீணாக உழைக்கிறது என்று அர்த்தம். இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று டாக்டர் தடுமாறியபோது அவளே சொன்னாளாம், மதகில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத மாதிரியா என்று. அதேதான் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று அவளே அய்யாசாமியைக் கேட்பாள்.

வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு தலைதெறிக்க ஓடியது, மணிக்கட்டு பின்தங்கியது. நடவுக்குப் போகலாமா என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். நடவையே மறந்துவிடு, குடத்தைக்கூடத் தொடாதே என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். பரந்தாமன் அந்தச் சொல்லைத் தலைமேல் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து கிணற்றில் தண்ணீர் சேந்துவது அவன், குடம் தூக்குவது அவன், நெல் குத்த ஆள் தேடுவது அவன். பெண்டாட்டிதாசன் என்று ஊர் சிரித்தது. அவன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரின் நடுவிலேயே நடந்து போனான்.

உட்கார்ந்தே இருந்தால் பூங்காவனத்துக்குச் சோறு இறங்காது. நடவு வந்தபோது நிலத்துக்காரர்கள் முதல் நாற்றுமுடியை வீட்டுக்கே கொண்டுவந்து, தொட்டுக் கொடு தாயே என்றார்கள். தொட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு புருஷனிடம் பொரிந்து தள்ளினாள்.

"தொட்டுத் தொட்டுக் குடுக்க நான் இன்னா கல்லு சாமியா? கையி சேத்துல எறங்கணும்யா. எறங்காத கையில இன்னா ராசி கீது?"

அவள் பயந்தபடியே ஆயிற்று. அடுத்த போகத்தில் பாதிப் பேர்தான் நாற்றுமுடி கொண்டுவந்தார்கள். மேட்டு நிலத்துக்காரர் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு முதல் நாற்று வைக்கச் சொல்லிவிட்டார் என்ற செய்தியை வேம்புலியம்மாள் வந்து சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று வேலியோரம் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் சொன்னாள். வருகிற நவரைப் போகத்து நடவுக்கும் வயலில் இறங்காவிட்டால் தன் கை வெறும் கைதான், மிச்சமிருப்பது மலடி என்ற பெயர் மட்டும்தான் என்று பூங்காவனத்துக்குப் புரிந்துவிட்டது. சாவுக்கு அவள் பயப்படவில்லை. வளைகாப்பு வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது போலவே மிச்ச ஆயுசையும் கழிக்க வேண்டுமே என்பதுதான் பயம்.

இனி, நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

தெய்வத்தையும் வைத்தியனையும் வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். பூங்காவனம் பழக்கத்தை விடுகிறவள் இல்லை. பரந்தாமன் வீட்டுக் கூரையில் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. அந்தக் கூரை காய்த்த காய்ப்பை நினைத்தால் கூரை எப்படித் தாங்கியது என்றுதான் தோன்றும். அறுத்துப் பரணில் அடுக்கிவைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் சாம்பல் பூத்த காய்கள், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். டாக்டரிடம் போகிற நாளெல்லாம் ஒரு பூசணிக்காய் அவள் தலையில் ஏறும். பரந்தாமன்தான் இரண்டு கையாலும் தூக்கிச் சும்மாட்டின் மேல் பதமாக வைத்து அனுப்புவான். குடத்தைத் தொடவிடாத அதே பரந்தாமன்தான். அந்த நாட்களில் ஏரித் தண்ணீரில் அவன் முறை என்பதால் கூடப் போக முடியாது. மெதுவாப் போமே என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

டாக்டர் காய் வாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்துச் சந்து வழியாகப் போய், கிணற்றடியில் டாக்டர் பெண்சாதி ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுற்றிவந்து முன்வாசலில் நுழைவாள். ராஜம்மாவுக்குப் புருஷன் கொள்கை தெரியும். ஆசையாகக் கொண்டுவந்த காயைத் திருப்பி அனுப்ப மனசு வராது என்பதும் தெரியும். சந்தையில் வாங்கியதாகச் சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்வார்கள். ராஜம்மா மாதக்கணக்காக மறைத்தாள். சாம்பாராக, கூட்டாக, மோர்க்குழம்பாக, வடாமாக டாக்டர் பூசணிக்காயைத் தின்றுகொண்டே இருந்தார். பூந்தமல்லிச் சந்தையில் வேறு காயே விளைவதில்லையா என்று ஒருநாள் எரிந்துவிழுந்தார். இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள் அந்தப் புண்ணியவதி.

முன்வாசலில் இன்னொரு புண்ணியம் காத்திருந்தது. அய்யாசாமி இளகிய மனசுக்காரர். நெஞ்சு நோவுக்காரியை வரிசையில் உட்காரவைக்கக் கூடாது என்று, அவள் தலை தெரிந்ததும் உள்ளே அனுப்பிவிடுவார். மைல் கணக்கில் பாரம் சுமந்து வந்து, இறக்கிவைத்த கையோடு, மூச்சுக்கூட ஆறாமல் அவள் போய்ப் பெஞ்சியில் படுப்பாள். டாக்டர் குழாயை வைப்பார். நெஞ்சு ஓடாமல் என்ன செய்யும்?

டாக்டர் கேட்காமல் இல்லை. எப்படி வந்தாய் என்று கேட்டார், மெதுவாக நடந்துவந்தேன் என்றாள். வீட்டில் பாரம் தூக்குகிறாயா என்று கேட்டார், ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கவிடுவதில்லை என்றாள். இரண்டும் சத்தியம். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பூசணிக்காய் அந்தக் கணக்கிலேயே வரவில்லை, அவ்வளவுதான்.

ஓய்ந்திருந்தும் நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுகிறதே என்று டாக்டர் சொட்டு மருந்தைக் கூட்டினார். அடுத்த தடவையும் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் கூட்டினார். படித்தவர், யோசித்துத்தான் செய்தார். எந்தப் புஸ்தகத்திலும் பூசணிக்காய் இல்லை.

சில நாளில் பூங்காவனத்துக்கு வாய் கசந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. ஒரு காலை எழுந்து, வெள்ளை வேட்டியை ஏன் மஞ்சளில் நனைத்துக் கட்டியிருக்கிறாய் என்று புருஷனைக் கேட்டாள். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. சோறும் மஞ்சளாகத் தெரிந்தது, சுவரும் மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து நிற்க முயன்றவளுக்குக் கால் துவண்டது. பரந்தாமன் முறைத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்கவைத்துப் பூந்தமல்லிக்கு ஓட்டினான். அன்றைக்குப் பூசணிக்காயைப் பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த நெஞ்சு இன்றைக்கு நின்று நின்று, யோசித்து யோசித்து அடித்தது. அய்யாசாமியின் கணக்கும் டாக்டரின் கணக்கும் முதல் தடவையாக ஒட்டி வந்தன. மருந்து மிஞ்சிப்போய் நஞ்சாகத் தொடங்கியிருக்கிறது என்பது புரிந்துவிட்டது. மஞ்சள் தெரிவதே அதற்கு அடையாளம். ஆனால் போன தடவை வரை இத்தனை மருந்துக்கும் அடங்காத நெஞ்சு இன்றைக்கு எப்படி இவ்வளவு தாழ்ந்தது? இந்த நடுவில் என்ன மாறியது? பரந்தாமனைத் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று அவன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னான்.

அப்போதுதான் ராஜம்மா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பூங்காவனம் பெஞ்சியில் துவண்டு கிடப்பதைப் பார்த்ததும், புருஷன் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு பூங்காவனம்? கிணத்தடியில உன்னைக் காணோமே, பூசணிக்காயும் வரலையேன்னு அப்பவே நெனச்சேன்."

எந்தப் பூசணிக்காய் என்று டாக்டர் மெல்லக் கேட்டார். அவர் மெல்லப் பேசினால்தான் ஆபத்து என்று அய்யாசாமிக்குத் தெரியும், அவர் அலமாரிப் பக்கம் நகர்ந்தார். ராஜம்மா மூடி மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் பூங்காவனத்தைப் பார்த்தார்.

"பாரம் தூக்குறியான்னு கேட்டேனே அம்மா. இல்லைன்னு சொன்னியே."

"பாரம் தூக்கல டாக்டரய்யா," என்றாள் அவள், படுத்தபடியே. "அது உங்களுக்குக் கொண்ணாந்தது. சாமிக்கு எடுத்துகினு போற பால்கொடத்த எவளாவது பாரம்னு சொல்லுவாளா?"

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பெண்சாதியைப் பார்த்தார், அவள் இரக்கப்பட்டவள். அய்யாசாமியைப் பார்த்தார், அவரும் இரக்கப்பட்டவர். பரந்தாமனைப் பார்த்தார், அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கைகள்தான் மாதக்கணக்காகத் தூக்கிவைத்தன என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது, கண் கலங்கிவிட்டான். மிச்சம் இருந்தது டாக்டர்தான். எங்கிருந்து எதைச் சுமந்து வந்தாய் என்று கேட்காமல் சொட்டைக் கூட்டியவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அய்யாசாமி அவர் சிரித்து அதுவரை பார்த்ததில்லையாம், ஏதோ இழுப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

மருந்தைச் சில நாள் அடியோடு நிறுத்தினார்கள். மஞ்சள் போய், சோறு வெள்ளையானது. பிறகு பழைய அளவில் மறுபடி தொடங்கினார்கள். அடுத்து வந்தபோதெல்லாம் வண்டியில்தான் வந்தாள். வந்ததும் உள்ளே விடாமல், அவளே அலுத்துப்போகும் வரை வாசலில் உட்காரவைத்த பிறகுதான் டாக்டர் குழாயை எடுத்தார். நெஞ்சுக் கணக்கும் மணிக்கட்டுக் கணக்கும் அண்ணன் தம்பி போலப் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதம்மா என்றார் அய்யாசாமி.

நவரைக்கு நாற்று வளர்ந்து நின்றது. பூங்காவனம் தன் கேள்வியை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை.

"உக்காந்திருக்கிற நெஞ்சை இப்போ எனக்குத் தெரியும். குனிஞ்சு நடுற நெஞ்சை நான் பாத்ததில்ல. பாக்காம சொல்ல மாட்டேன், ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்."

பார்க்க வேண்டுமானால் நிலத்துக்கு வாருங்கள் என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர் நிஜமாகவே வந்துவிட்டார்.

நடவு நாள் காலை டாக்டர் சைக்கிளில் வர, பின்னால் அய்யாசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு டாக்டர் வரப்பில் உட்கார்ந்தார். நடவுப் பெண்கள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேட்டு நிலத்துக்காரரும் என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று வந்து நின்றார். ஓரமாக ஒரு வரிசை நட்டுக் காட்டு, அதற்கு மேல் நான் சொல்லும்வரை ஒன்றும் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பரந்தாமன் நாற்றுமுடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, பயத்தில் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவள் இறங்கினாள். ஒரு வருஷத்துக்கு மேல் சேறு காணாத கால். ஓரத்தில் குனிந்து, விரலால் கீறிக் கீறி நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பாட்டு இல்லை, குலவை இல்லை. நட்டு முடித்து நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. டாக்டர் அவளைக் கைகாட்டி அழைத்து வரப்பில் சாய்த்து, உடனே குழாயை வைத்தார். அய்யாசாமி மணிக்கட்டைப் பிடித்தார், சேற்றில் நாடி அகப்படவில்லை. தன் வேட்டித் தலைப்பால் சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். யாரும் பேசக் கூடாது என்று டாக்டர் கையை உயர்த்தினார். அத்தனை பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஏரிப் பக்கம் நாரைகள் மட்டும் சொன்னபேச்சுக் கேட்கவில்லை.

முதல் கணக்கில் நெஞ்சு ஓடியது, மணிக்கட்டு பின்தங்கியது. டாக்டர் முகம் மாறவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணினார்கள், பள்ளம் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து எண்ணினார்கள். நெஞ்சு நின்று, திரும்பிப் பார்த்து, மணிக்கட்டு வந்து சேரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டது போல இருந்தது. ஓட வேண்டிய நேரத்தில் ஓடி, ஆற வேண்டிய நேரத்தில் ஆறுகிற நெஞ்சு. டாக்டர் குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

தாளம் இனி நேராகாது, மருந்து சாகும்வரை நிற்காது என்று முதலில் சொன்னார். எப்போதும் கெட்ட செய்தியைத்தான் முதலில் சொல்வார். பாதி நாள்தான் நட வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்க வேண்டும், பாடிக்கொண்டே நட முடியாமல் போகும் நாளில் அந்த நிமிஷமே கரையேற வேண்டும் என்றார். தலையில் எதையும் ஏற்றக் கூடாது, யாருக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் சரி என்று அழுத்திச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டினாளே தவிர, பார்வை அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"அப்போ எறங்கலாமா?"

"எறங்கு," என்றார் டாக்டர்.

பரந்தாமன் வரப்பிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆம்பிளை அழலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேட்டு நிலத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு எங்கள் பக்கமும் ஒரு கை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரையோ பார்த்துச் சொல்வது போல ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். பூங்காவனம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு அந்த நெஞ்சு எத்தனையோ போகம் தாங்கியது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் வந்து இறங்கியபோதும் அவள் வயலில்தான் இருந்தாள். பிள்ளையில்லாக் குறை அவளுக்குக் கடைசிவரை குறைதான், அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குறைப்பட்டுக்கொண்டே கழித்த ஆயுசு இல்லை அது.

டாக்டர் இறங்கச் சொன்ன அன்றைக்கு அவள் எழுந்து புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஈசானிய மூலைக்கு நடந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியிருந்தது. கூலிக்கு வந்த பெண்கள் அவ்வளவு நேரமும் சும்மா நின்றிருந்தார்கள், கையில் பிரித்த நாற்றோடு, கணுக்கால் சேற்றில். ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று அவள் கேட்டாள். வேம்புலியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"நீ கரையில குந்திகினு இருந்தா நாங்க எப்படிம்மா குனியறது?"

பூங்காவனம் குனிந்தாள். அதற்குப் பிறகுதான் அத்தனை பேரும் குனிந்தார்கள்.